மரிக்கொழுந்து, நிகர எடை 200 கிராம்

தீப்பெட்டியை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

கொடுங்கள் என்கிறேன். ஒரு மனிதன் தன் வீட்டில், தன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் மெழுகுவர்த்தியைப் பற்றவைக்க ஒரு குச்சியை எடுக்கிறான். முன்பின் தெரியாத நீங்கள் செருப்புக் காலோடு பாய்ந்து வந்து அதைப் பிடுங்குகிறீர்கள். மணி அடித்தீர்கள், திறந்தேன், கேஸ் ஏஜென்சியிலிருந்து என்றீர்கள். "ஒரு நிமிஷம் நில்லுங்கள், பரிசோதனை நடக்கிறது, அதற்குள் அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தானே மேஜைக்குத் திரும்பினேன்? நில்லுங்கள் என்றால் நிற்பதுதானே முறை?

இப்போது ஜன்னலை வேறு திறக்கிறீர்கள். அது கூடாது. மெழுகுவர்த்தி எரியும் அறையில் காற்று அலையக் கூடாது. சுடர் ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்து மெழுகு மட்டும் உருகும், கண்ணாடிக் குவளை கரி பிடிக்கும். லேபிளில் மூன்றாவது விதி. மதியம் இரண்டு மணிக்கே எல்லா ஜன்னலையும் அடைத்து, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து ஏற்பாடு பண்ணியிருந்தேன். எல்லாம் போச்சு. அடுக்களை ஜன்னலும் திறந்தாயிற்றா? நன்றாக இருங்கள்.

சுவிட்சைத் தொடக்கூடாதா? தெரியும், பொறி பறக்கும். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்ல வேண்டாம்.

அட்டையைக் காட்டுங்கள். பேச்சிமுத்து. ம். படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை. எடுத்துவிட்டீர்களா? எதற்கு? சரி, இருக்கட்டும். காது மடல் ஒத்துப்போகிறது. மீசையை மாற்றலாம், காது மடலை மாற்ற முடியாது.

கேஸ் வாடை அடிக்கிறது என்று உங்களுக்குப் புகார் வந்திருக்கிறது. கொடுத்தவர் பெயரைச் சொல்லமாட்டீர்கள். வேண்டாம், நானே சொல்கிறேன். எதிர்வீடு. ஜெசிந்தா. பார்த்தீர்களா, உங்கள் கண் அந்தக் கதவுக்குப் போய்விட்டு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான், தம்பி. கோமதிநாயகம் என்று கேட்டால் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது. தராசு இன்ஸ்பெக்டர் என்று கேளுங்கள், இன்றைக்கும் நாலு பேர் எடைக்கல்லை ஒளித்துவைப்பார்கள். எதிரே நிற்பவன் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழிலில் பாதி.

வாடை என்கிறீர்களே, எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே? உங்கள் சிலிண்டரில் இருக்கிற வாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது, அது தெரியுமா? கசிந்தால் மனிதனுக்குத் தெரியட்டும் என்று கந்தகம் சேர்ந்த ஒரு சரக்கைத் துளித்துளியாகக் கலந்து அனுப்புகிறார்கள். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். அப்படி ஒன்று இந்த வீட்டில் இருந்தால் முதலில் தெரிவது எனக்குத்தான். நீங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது நல்ல நடிப்பு. யார் சொல்லிக்கொடுத்தது என்பதுதான் கேள்வி.

ரெகுலேட்டரை மூடிவிட்டீர்கள். காற்று மாற அரைமணி நேரம் ஆகும், அதுவரை வெளியே நிற்போம் என்கிறீர்கள். நிற்பானேன்? இந்த நாற்காலிகளை வாசலுக்கு வெளியே இழுத்துப் போடுவோம். உட்காருங்கள். எதிர்த்தரப்பைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், என் தரப்பையும் கேளுங்கள். எதிர்வீட்டுக் கதவு சாத்தித்தான் இருக்கிறது. ஆனாலும் மெதுவாகவே பேசுகிறேன்.

இதில் எனக்கு என்ன போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் சதி விளங்கும். என் மகள் சங்கரி பூனாவில் இருக்கிறாள். பகவதி, என் வீட்டம்மா, தவறிப்போய் நாலு வருஷம். அன்றிலிருந்து சங்கரிக்கு ஒரே பாட்டு, என்னோடு வந்து இருங்கள் என்று. போய்ப் பார்த்தேன். பதினோராவது மாடி. காற்றாடியைப் போட ரிமோட், திரைச்சீலையைத் திறக்க ரிமோட். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் நிறுத்துமிடம், அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கார் நிறுத்துமிடம். பன்னிரண்டு நாளில் திரும்பிவிட்டேன். போன வருஷம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பால் வற்றி, பாத்திரம் கருகி, புகை வராந்தாவுக்கே போய்விட்டது. அலறி அடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியது யார்? இதே ஜெசிந்தா. செய்தி பூனாவுக்குப் போனது. சங்கரி விமானம் பிடித்து வந்து, இந்த வாசலில் நின்று, "அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கிடுவேன், பேச்சே கிடையாது" என்றாள். சொன்னால் செய்வாள். என் மகள்தானே.

ஆக, எனக்கு வேண்டாதவர்கள் யாராவது என்னை இந்த வீட்டிலிருந்து கிளப்ப நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் பெரிதாக வேண்டாம். ஒரு சம்பவம் போதும். புரிகிறதா?

இப்போது மெழுகுவர்த்திக்கு வருகிறேன்.

ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சோயா மெழுகுவர்த்தி செய்கிறாள். சோயா எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்கிற மெழுகு அது. ஐம்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சித்திரையில் மாடியில் வைத்தால் பற்றவைக்காமலே உருகும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. எதையும் படிக்காமல் நான் புகார் எழுதுவதில்லை.

தை மாதம், குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா. கீழே ஒரு மேஜை போட்டு விற்றாள். சுற்றி நின்ற எல்லாரும் ஒவ்வொரு குவளையாக எடுத்து மூக்கருகே கொண்டுபோய் "ஆகா" என்கிறார்கள். சங்கத் தலைவர் கண்ணையே மூடிக்கொண்டார். நானும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொன்று எடுத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கூட்டமாகச் சேர்ந்து ஒன்றை ஆகா என்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஏலக்கடையில் ஆள் வைத்து விலை ஏற்றுவதைப் பார்த்ததில்லையா நீங்கள்?

"என்ன அண்ணாச்சி, ஒண்ணு எடுத்துக்கிடுங்க, மரிக்கொழுந்து இருக்கு, வீடே மணக்கும்" என்றாள்.

அண்ணாச்சி! முப்பத்திரண்டு வருஷம் அண்ணாச்சிகளின் கடையில் ஏறித் தராசைச் சோதித்தவனை அண்ணாச்சி என்கிறாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டு ஒன்று வாங்கி வந்தேன்.

மரிக்கொழுந்து எனக்குத் தெரியாத வாசனையா தம்பி? பகவதி தினமும் தலையில் ஒரு இணுக்காவது வைக்காமல் வெளியே கிளம்ப மாட்டாள். இருபத்தொன்பது வருஷம் ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் வந்த வாசனை அது. அதில் என்னை ஏமாற்ற முடியாது.

முறைப்படி சோதித்தேன். லேபிளில் நிகர எடை இருநூறு கிராம் என்று போட்டிருந்தது. என் தராசில் வைத்தேன். குவளையைக் கழித்து இருநூறு கிராம், இம்மி பிசகவில்லை. நாற்பது மணி நேரம் எரியும் என்றும் போட்டிருந்தது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு மணி நேரம், பத்து நிமிஷம். எரிக்கிற முறையிலும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிடுவேன், நகவெட்டியால் வெட்டி அளவுகோலால் சரிபார்ப்பேன். முதல் தடவை ஏற்றும்போது மேல்பரப்பு முழுவதும் விளிம்பு வரை உருகும்வரை அணைக்கக் கூடாது. இல்லாவிட்டால் அடுத்த தடவை நடுவில் குழி விழுந்துகொண்டே போகும். ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அடியில் சூடு தாங்கும் தட்டு. திரைச்சீலையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளி. ஊதி அணைக்காமல் மூடியால் மூடி அணைக்க வேண்டும். அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும், கடைசிவரை எரித்தால் குவளை வெடிக்கும். எரியும்போது அறையை விட்டுப் போகக் கூடாது. நான் போனதே இல்லை. எதிரேயே உட்கார்ந்திருப்பேன், மூச்சை இழுத்து இழுத்து. இந்த நெல்லை மாவட்டத்திலேயே என்னைவிடப் பத்திரமாக மெழுகுவர்த்தி எரித்தவன் இருக்க முடியாது.

எல்லாம் லேபிளில் உள்ளபடி இருக்கிறது, வாசனை ஒன்றைத் தவிர. கவனியுங்கள், இதுதான் சூது. எடையை அளக்கலாம், அதனால் எடையில் கை வைக்கவில்லை. நேரத்தை அளக்கலாம், அதனால் நேரத்திலும் கை வைக்கவில்லை. அளக்க முடியாத ஒன்றில் கை வைத்திருக்கிறாள். எவ்வளவு படித்த மூளை!

அவளை மட்டும் சொல்லி என்ன? காலமே அப்படி ஆகிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, பத்து நாள் படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தால் ஊரே கலப்படமாகியிருக்கிறது. காப்பித்தூளில் காப்பி இல்லை, வெறும் சிக்கரி. நாலு கடை மாற்றிவிட்டேன். பெருங்காயம் வெறும் மைதா, டப்பாவைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. ஊதுபத்தி புகைகிறதே தவிர மணப்பதில்லை. கருவாடு, தம்பி, கருவாட்டில்கூட ஏதோ பண்ணுகிறார்கள். நாங்கள் அசைவம் கிடையாது, ஆனால் மூன்றாம் மாடியில் வறுத்தால் நான் ஜன்னலைச் சாத்துவது வழக்கம். இப்போது இரண்டு வருஷமாகச் சாத்த அவசியமே வரவில்லை. போன ஐப்பசியில் மழை பெய்தது, மண் வாசனை இல்லை. மழையில் என்ன கலந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? காய்ச்சல் எல்லாம் அப்போதே சரியாகிவிட்டது.

ஜெசிந்தாவுக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். முதல் புகார் வாசனை பற்றி. இரண்டாவது, லேபிளில் புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் அச்சிடவில்லை என்பது பற்றி. பொட்டலப் பொருள் என்றால் அது இருந்தாக வேண்டும். அடுத்த வாரமே அச்சிட்டுவிட்டாள், அதை நான் மறுக்கவில்லை. சரிபார்க்க இன்னொரு குவளையும் வாங்கினேன், இப்போது மேஜையில் இருப்பது அதுதான். அந்த எண்ணுக்கு இதுவரை பதினோரு தடவை அழைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவளே எடுக்கிறாள். மணி அந்த எதிர்க் கதவுக்குப் பின்னால் அடிப்பது எனக்கு நேராகவே கேட்கும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, ஒரு தடவை காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் ஒருநாள்.

பார்த்தீர்களா? சரக்கைப் பற்றிக் கேட்டால் என் மூக்கைப் பற்றிப் பேசுகிறாள். மார்க்கெட்டில் இதன் மறுபக்கத்தை எத்தனை பார்த்திருக்கிறேன். ஒரு வெல்லக் கடைக்காரர், தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருந்தார். கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அவர் சொன்னது, "தராசு தங்கம் சார், சரக்குதான் ஈரமா இருக்கு." தராசு பொய் என்று எவரும் தானாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. சரக்கைத்தான் குறை சொல்வார்கள்.

அப்புறம் ஒருநாள் லேபிள் ஒட்டாத இரண்டு குவளையோடு வந்தாள். "ஒண்ணுல மரிக்கொழுந்து இருக்கு, இன்னொண்ணு வெறும் மெழுகு. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். முறையான சோதனை, அதில் எனக்கும் சம்மதம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். "இரண்டுமே வெறும் மெழுகுதான் அம்மா, மாட்டிக்கொண்டாய்" என்றேன்.

சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கிற மாதிரிதான் வந்திருந்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. ஆனால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி இரண்டு குவளையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாட்டிக்கொண்டவர்கள் முகம் எனக்கு அத்துப்படி. அது அந்த முகம் இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாளிலிருந்து வேவு தொடங்கியது. காலை ஏழரைக்கு மணி. "அண்ணாச்சி, கொஞ்சம் சீனி இருக்குமா?" மறுநாள் அதே நேரம், "அண்ணாச்சி, பேப்பர் பாத்தாச்சா?" சாயங்காலம் ஒரு தடவை. எதைக் கேட்டாலும் கேட்டுவிட்டு வாசலில் ஒரு வினாடி நிற்பாள், தலையை லேசாக அடுக்களைப் பக்கம் நீட்டி, நாய்க்குட்டி மோப்பம் பிடிக்கிற மாதிரி. ஒருநாள் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே ஓடி, என் அடுப்புக் குமிழை, என் அடுப்புக் குமிழை, தம்பி, திருகி மூடினாள். "தீ அணைஞ்சிருக்கு அண்ணாச்சி, கேஸ் மட்டும் வந்துக்கிட்டு இருக்கு" என்றாள். அடுத்தவர் வீட்டு அடுப்பில் கை வைக்கிற துணிச்சல் சாதாரணமாக வருமா? அதை உடனே பூனாவுக்குச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சங்கரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. கையில் கிடைத்ததை ஒருத்தி ஏன் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறாள்? பெரிதாக எதற்கோ காத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

அதனால்தான் நானும் பெரிதாகச் செய்தேன். ஹைகிரவுண்டு பக்கம் ஒரு பரிசுப்பொருள் கடையில் அவள் சரக்கை வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். "மேற்படி பொருளில் அச்சிட்டுள்ள வாசனை இல்லை என்பதை ஓய்வுபெற்ற ஆய்வாளர் என்ற முறையில்" என்று தொடங்கி இரண்டு பக்கம். கடைக்காரர் பயந்து மூன்று டஜனையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆட்டோக்காரர் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நாலு மாடி அவளே சுமந்து ஏற்றினாள். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நடை ஏறும்போது, அதோ அந்தக் கடைசிப் படியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறக்கலாமா என்று நினைத்தேன். வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு பேசக் கூடாது.

மறுநாள் காலை ஏழரைக்கு மணி அடித்தது. "அண்ணாச்சி, பேப்பர் பாத்தாச்சா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபமே வராத மனிதரை நீங்கள் நம்புவீர்களா?

என்ன, அரைமணி ஆகிவிட்டதா? சரி, வாருங்கள் உள்ளே. சோதியுங்கள். ஆனால் நான் பக்கத்திலேயே நிற்பேன்.

இது என்ன? சோப்புத் தண்ணீரா? உங்கள் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறீர்களோ யார் கண்டது. இருங்கள், என் வீட்டுச் சோப்பு, என் வீட்டுத் தண்ணீர், நானே கரைத்துத் தருகிறேன். இந்தாருங்கள். இப்போது டியூபில் பூசுங்கள். ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறங்கள். கொஞ்சமாக என்றால் கொஞ்சமாக.

ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா? நான்தான் சொன்னே...

அது என்ன?

அடுப்புக்குப் பின்னால், டியூப் வளைகிற இடத்தில். கொஞ்சம் நகருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

நுரை வருகிறது.

துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். ம். மறுபடியும். முத்து முத்தாக வருகிறது. பெரிதாகிறது, உடைகிறது. சரி, மூடுங்கள். மூடுங்கள், போதும்.

டியூபில் ஏதோ அச்சிட்டிருக்கிறதே, என்ன அது? பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதியா? வாசியுங்கள். இரண்டு வருஷம் தாண்டிவிட்டதா? ஊரில் இருக்கிற எல்லா லேபிளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன் தம்பி. இது அடுப்புக்குப் பின்னால் இருந்துவிட்டது.

மதியத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்கிறீர்கள். ஜன்னல் எல்லாம் அடைத்து. துண்டு சுருட்டி வைத்து. நான் அந்தக் குச்சியை உரசியிருந்தால்... வேண்டாம், சொல்லவேண்டாம். எனக்குக் கணக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கதவு வரைக்கும் போயிருக்கும் இல்லையா?

வராந்தாவிலேயே வாடை தாங்கவில்லையா? அடுத்த மாடி வரைக்குமா?

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். நீங்கள் டியூபை மாற்றுங்கள்.

முடிந்ததா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொடுங்கள், படித்துவிட்டுத்தான் போடுவேன். கசிவு இடம், டியூப். சரி. மாற்றப்பட்டது, சரி. இது என்ன? "கசிவின் வாடையை வாடிக்கையாளர் உணர்ந்தாரா? ஆம், இல்லை."

இது எதற்கு?

ஓ. இல்லை என்றால் வீட்டில் அலாரம் பொருத்த வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஒருவரின் எண் கொடுக்க வேண்டும். இணைப்பில் பதிவு செய்த போனுக்கு ஒரு செய்தி போகும். பதிவு செய்திருப்பது சங்கரியின் எண். சிலிண்டர் அவள்தான் பூனாவிலிருந்து பதிவு செய்வாள்.

ஆம் என்றால்?

ஒன்றும் கிடையாது. டியூப் மாற்றினோம், முடிந்தது.

"ஆம்னு போட்டுட்டு விட்ருங்க சார், எதுக்கு வம்பு" என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. இதே வார்த்தையை இதே குரலில் எத்தனை கடையில் கேட்டிருக்கிறேன் தெரியுமா? சரியா இருக்குன்னு முத்திரை போட்டுட்டு விட்ருங்க சார், எதுக்கு வம்பு.

இருங்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. மேஜையில் இருக்கிற அந்தக் குவளையை எடுத்து வாருங்கள். பற்றவைக்க வேண்டாம். லேபிளைப் பார்க்காதீர்கள், நான் கையால் மறைத்துக்கொள்கிறேன். மூடியை மட்டும் திறந்து மூக்கருகே கொண்டுபோங்கள். கையைத் துடைத்துக்கொண்டீர்களா? ம். என்ன வாசனை?

மரிக்கொழுந்தா? அது செல்லாது. அரைமணி நேரமாக நானே மரிக்கொழுந்து, மரிக்கொழுந்து என்று உங்கள் காதில் ஓதியிருக்கிறேன். சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கூடவே வேறு ஏதாவது? நிதானமாகப் பாருங்கள். அவசரமில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள், அதுவும் பதில்தான்.

எலுமிச்சை மாதிரி. எலுமிச்சை இல்லை. இலை. நாரத்தை இலையைக் கசக்கின மாதிரியா?

யார் சொன்னார்கள் உங்களுக்கு? எதிர்வீட்டம்மா சொன்னாளா? போனில் கேஸ் வாடை என்று மட்டும்தான் சொன்னாளா? சத்தியமா?

ம்.

கையை எடுக்கிறேன். நீங்களே வாசியுங்கள். மரிக்கொழுந்து எண்ணெய். நாரத்தை இலை எண்ணெய். சோயா மெழுகு. பருத்தித் திரி. நாலு மாதமாகத் தினமும் படிக்கிறேன், எனக்கு மனப்பாடம்.

இன்னொரு தடவை மூக்கருகே பிடியுங்கள். எனக்கில்லை, உங்களுக்கு. நன்றாக இருக்கிறதா? பூக்கடை வாசலில் நிற்கிற மாதிரியா? காலையிலா, சாயங்காலத்திலா? காலையில். தண்ணீர் தெளித்த உடனே. சரி. போதும், மூடிவிடுங்கள். மூடி வைக்காவிட்டால் வாசனை போய்விடும். எட்டாவது விதி.

பேனாவைக் கொடுங்கள்.

சரக்கு ஈரமாக இருக்கிறது என்று எழுத இடம் இருக்கிறதா இந்தப் படிவத்தில்? ஒன்றுமில்லை, நானே சொல்லிக்கொண்டேன். "இல்லை" என்பதில் கோடு போடுகிறேன். பாருங்கள், உங்கள் முன்னால்தான் போடுகிறேன், அடித்தல் திருத்தல் இல்லை. செய்தி பூனாவுக்கு எப்போது போகும்? இரவுக்குள்ளா? அதற்கு முன்னால் நானே சங்கரியைக் கூப்பிட்டுவிடுகிறேன். அவள் கத்துவாள். கத்தட்டும். அலாரம் வரப்போகிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன். சாவியை அவ்வளவு சுலபமாகக் கொடுக்கப் போவதில்லை.

பக்கத்தில் இருப்பவர் எண். ஆமாம், அது வேண்டுமே.

எண் இருக்கிறது. குவளையைக் கொடுங்கள். இதோ, லேபிளின் அடியில், "புகார்களுக்கு" என்று போட்டுப் பத்து இலக்கம். நான் சொல்லித்தான் அச்சிட்டாள். எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறதா? நானே சொல்கிறேன், எனக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பெயர், ஜெசிந்தா. வீடு, நாலு பி. உறவுமுறையா? அதற்கும் ஒரு கட்டமா? அவள் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறாள், அப்படியானால் தங்கை என்று... இல்லை, பொறுங்கள், எழுதாதீர்கள். படிவத்தில் ஆதாரமில்லாத விவரம் கொடுக்கக் கூடாது. அதோடு அந்த மூன்று டஜன் விஷயத்தில் கடைக்காரருக்கு இன்னொரு கடிதம் போக வேண்டும், அதுவும் பதிவுத் தபாலில். அது போகும் முன்னால் நான் எதையும் உரிமையாக எழுத முடியாது.

ஒன்று செய்யுங்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, எதிர்வீட்டு மணியை அடித்து, உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார், சம்மதமா, என்ன உறவு என்று எழுதட்டும் என்று அவளிடமே கேளுங்கள். நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லுங்கள். நான் இங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் கதவைச் சாத்தாமல் போங்கள். காற்று வரட்டும்.